முள் நகரக் கூடாது

தரைத்தளத்தில் அந்த ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டால் போதும், எங்கள் ஃப்ளாட்ஸில் எல்லோரும் அவரவர் செருப்பு எங்கே கிடக்கிறது என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். வாசலில் செருப்பு ஜோடி சேராமல் கிடந்தால் செகரட்டரி மாமிக்குப் பொறுக்காது. திட்ட மாட்டார். நின்று பார்ப்பார். அதற்கு நாலு வார்த்தை திட்டிவிட்டே போகலாம் என்று தோன்றும்.

மந்தைவெளியில் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் நானும் அப்பாவும் முதல் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே மாமியும் மாமாவும். மாமி ஏதோ அரசாங்க அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பாலமும் தண்ணீர்த் தொட்டியும் கையால் வரைந்த காலத்தில் பாதி சர்வீஸைக் கழித்தவர். மற்றவர்கள் பீரோவில் நகைப்பெட்டி வைக்கும் இடத்தில் மாமி நீல வெல்வெட் போட்ட காம்பஸ் பெட்டி வைத்திருந்தார். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு அதைத் துடைப்பார். பாடப்புத்தகத்தில் கவராயம் என்று படித்திருப்போம். மாமிக்கு அது காம்பஸ்தான்.

பெட்டியில் இருந்ததெல்லாம் காகிதத்துக்கு. தரைக்கு வேறு ஒன்று வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் வட்டம் போடுவார்களே, அந்தப் பெரிய மரக் காம்பஸ். ஒரு காலில் இரும்பு முள், இன்னொரு காலில் சாக்பீஸ். எங்கள் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி மூடியைச் சுற்றி அதனால் ஒரு மஞ்சள் வட்டம் போட்டு, அதற்குள் எந்த வண்டியின் டயரும் வரக் கூடாது என்று அறிவித்தார். மூன்றாவது மாடிக்காரர் ஸ்கூட்டர் ஒருநாள் ஒரு விரல்கடை உள்ளே இருந்தது. அலுவலகத்துக்குக் கிளம்பிப் போனவரைத் தெருமுனையிலிருந்து திரும்பக் கூப்பிட்டு நகர்த்த வைத்தார்.

"ஒரு விரல்தானே மாமி" என்று அவர் பல்லைக் கடித்தார்.

"ஒரு விரல் விடலாம்னா வட்டம் எதுக்கு ஸார்?"

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. டெங்கு பயத்தில் தண்ணீர் டிரம்முக்குக் கொசுவலையில் மூடி தைக்க நினைத்து, அட்டையில் வட்டம் வெட்டுவதற்காக மாமியிடம் காம்பஸைக் கேட்டேன். "அது கடன் குடுக்கற சாமான் இல்லை" என்று சொல்லிவிட்டு அவரே மாடியேறி வந்தார். பென்சிலை உப்புத்தாளில் தேய்த்தார். முள்ளைப் பென்சில் முனையைவிட மயிரிழை நீளமாக வைத்துத் திருகை இறுக்கினார். கால்களைத் தொடவே இல்லை. தலையை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, சுற்றுகிற பக்கமாக லேசாகச் சாய்த்து, ஒரே சுற்று. கோடு எங்கே ஆரம்பித்தது என்று தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

"இன்னொரு சுத்து விட்டா அழுத்தமா விழுமே மாமி?"

"ரெண்டு சுத்து விட்டா ரெண்டு வட்டம் ஆயிடும். ஒண்ணு போதும். முள்ளு நகரப்டாது, அவ்ளோதான்."

இந்த முள்ளு நகரப்டாது என்பதை மாமி எல்லாவற்றுக்கும் சொல்வார். பால்காரர் நேரம் மாற்றினால் சொல்வார். ஃப்ளாட்ஸ் மீட்டிங்கில் யாராவது பேச்சை வேறு பக்கம் இழுத்தால் சொல்வார். அமெரிக்காவில் இருக்கிற அவருடைய பெண் இங்கே வந்துவிடுங்கள் என்று போனில் அழுதபோதும் அதையேதான் சொன்னார் என்று கேள்வி. இப்போது மாமி அந்தப் பெண்ணோடுதான் இருக்கிறார். மந்தைவெளி வீட்டை விற்றாகிவிட்டது. அமெரிக்காவில் அவரால் எப்படி இருக்க முடிகிறது என்று அடிக்கடி யோசிப்பேன்.

அப்புறம் ஊரே முகத்தை மூடிக்கொண்ட அந்த வருடம் வந்தது.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. கரப்பான்பூச்சிக்கு நாற்காலிமேல் ஏறுகிறவள். ஆனால் அந்த வருடம் நான் பட்டது வேறு பயம். அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் அடையாறில் டயாலிசிஸ். ஒருமுறை தவறினால் கால் வீங்கும், அடுத்த முறையும் தவறினால் மூச்சு முட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் ஈக்காட்டுத்தாங்கல் கம்பெனியை மூடிவிட்டார்கள். எனக்கிருந்த ஒரே வேலை, ஊரடங்கு பாஸ் ஒட்டிய ஆட்டோவில் அப்பாவைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது. போகும்போது அங்கே யார் இருமுகிறார்கள் என்று பயம். வந்தபிறகு என் தொண்டை கரகரக்கிறதா என்று பயம்.

கடை வாசல்களில் எல்லாம் சுண்ணாம்பில் வட்டம் போட்டார்கள். ஒரு வட்டத்துக்கு ஓர் ஆள் நிற்க வேண்டும். அவசரத்தில் போட்ட வட்டங்கள், உருளைக்கிழங்கு மாதிரி இருந்தன. மாமிக்கு அதைப் பார்க்கவே வயிற்றெரிச்சல்.

"இதுக்குள்ள நின்னா ஒரு பக்கம் ஆறடி வரும், இன்னொரு பக்கம் நாலடிதான் வரும். வியாதி நல்ல பக்கமாப் பாத்துண்டா வரப்போறது?"

எங்கள் வாசலில் பால் வாங்குவதற்கு மாமியே வட்டம் போட்டார். கேட்டிலிருந்து மாடிப்படி வரை வரிசையாக, நூல் பிடித்து இடைவெளி அளந்து. செருப்புக் கால்பட்டு அழிந்துவிடும் என்பதால் தினமும் விடிந்ததும் புதிதாகப் போடுவார். நான் மாடி வராந்தாவிலிருந்து பார்ப்பேன். அப்போதுதான் மாமாவையே நான் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவரை அவர் மாமிக்குப் பின்னால் வருகிற ஒருவர், அவ்வளவுதான். அவர் பேசி நான் கேட்டதில்லை. தலையசைப்பார், சிரிப்பார்.

சிமென்ட் தரையில் முள் நிற்காது, வழுக்கும். அதனால் மாமா வட்டத்துக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, கையை நீட்டி, முள்ளைத் தரையோடு தரையாக அழுத்திப் பிடித்துக்கொள்வார். மாமி குனிந்து காம்பஸைச் சுற்றுவார். சாக்பீஸ் கால் மாமாவின் கைக்கு நேராக வரும்போது அவர் வலது கையை எடுத்து இடது கையை வைப்பார். கால் தாண்டியதும் மறுபடி வலது கை. கை மாறும், முள் மாறாது. முடிந்ததும் மாமி "ம்" என்பார். மாமா எழுந்து அடுத்த இடத்தில் உட்காருவார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். வட்டத்தின் நடுவில் ஒரே ஒரு புள்ளி இருக்கும்.

அந்த வட்டங்களுக்கு நான் வியாதிக்குப் பயந்த அளவு பயந்தேன். டயாலிசிஸ் முடிந்து வரும் அப்பாவுக்கு நிற்கத் தெம்பு இருக்காது. ஒருநாள் ஆட்டோவிலிருந்து இறங்கித் தடுமாறி வட்டத்துக்கு வெளியே கால் வைத்துவிட்டார்.

"உள்ள நில்லுங்கோ! உள்ள!" என்று மாமி போட்ட சத்தத்தில் எனக்கே உடம்பு தூக்கிப்போட்டது. அப்புறம் வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து, ஒட்டடைக் கம்பால் தள்ளித் தள்ளி வட்டத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். அப்பா அதில் உட்கார்ந்துகொண்டு, மாமி நீட்டிய காய்ச்சல் பார்க்கும் கருவிக்கு நெற்றியைக் காட்டினார். அன்றுமுதல் செவ்வாய், வியாழன், சனி மத்தியானம் நாற்காலி அங்கே தயாராக இருக்கும்.

அப்பா வடபழனி டிப்போவில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எதற்கும் அசர மாட்டார். "மார்கழிக் கோலத்துல பூசணிப்பூ வச்ச மாதிரி உக்காத்தி வச்சுட்டாங்கம்மா" என்று மாடியேறும்போது சொன்னார். நான் சிரிக்கவில்லை. எனக்கு வேறு கவலை.

இரண்டு தெரு தள்ளி ஒரு ஃப்ளாட்ஸில் ஒருவருக்கு வந்துவிட்டது என்று கேட்டை மறித்துத் தகரம் அடித்திருந்தார்கள். நான் மருந்து வாங்கப் போனபோது பார்த்தேன். ஆள் உயரத்துக்கு நெளி நெளியாகத் தகரம், குறுக்கே கட்டை. மாடியிலிருந்து ஒரு பெண் கயிற்றில் பையை இறக்கிக்கொண்டிருந்தாள். நான் வீடு வரை ஓட்டமும் நடையுமாக வந்தேன். எங்கள் கேட்டிலும் தகரம் விழுந்தால் அப்பா எப்படி வெளியே போவார்? அடைத்த கட்டடத்திலிருந்து வருகிறவரை டயாலிசிஸ் சென்டரில் சேர்ப்பார்களா? ஃப்ளாட்ஸில் யார் தும்மினாலும் எனக்குத் தகரத்தில் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பால் வாங்க இறங்கினேன். வாட்ச்மேன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா இது, வட்டம் ஒரு மாதிரியா கீது? மாமி இன்னிக்கு ஊத்தப்பம் ஊத்திக்கீறாங்களா?"

நானும் பார்த்தேன். முதல் வட்டம் சேரவில்லை. ஆரம்பித்த கோடு ஒரு பக்கம், முடிந்த கோடு ஒரு பக்கம், நடுவில் கட்டைவிரல் போகிற இடைவெளி. இரண்டாவது முட்டை மாதிரி நீண்டிருந்தது. மூன்றாவதில் மாமி இரண்டு தடவை சுற்றியிருந்தார். நடுவில் புள்ளி இல்லை. முள் வழுக்கி வழுக்கிக் கீறின கீறல்கள்தான் இருந்தன.

மாமி தன் வாசல் அருகில் நின்றார். காய்ச்சல் பார்க்கும் கருவி கையில் இல்லை. "மாமாவுக்கு முட்டி வலி, குந்த முடியலை" என்று யாரும் கேட்காமலே சொன்னார். மாமி கேட்காததற்குப் பதில் சொல்லி நான் பார்த்ததே இல்லை.

பால் பாக்கெட்டோடு மாடி ஏறினேன். முட்டி வலி என்றால் நாற்காலியில் உட்கார்ந்துகூடப் பிடிக்கலாமே. மாமாவின் குரலைத்தான் நான் கேட்டதில்லை, அவர் காலையில் ரேடியோ வைக்கும் சத்தம் தினமும் கேட்கும். அது கேட்டு நான்கைந்து நாள் ஆகியிருந்தது. அந்த வீட்டைத் தாண்டித்தான் அப்பாவும் நானும் படியேற வேண்டும். நாளைக்கு சனி, டயாலிசிஸ் நாள். யாரிடமும் சொல்லாமல் அப்பாவை நாளைக்குக் கொண்டுபோய் வந்துவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் கீழே யாரோ இருமினார்கள். இருமலை அடக்கப் பார்த்து, முடியாமல் இருமிய இருமல்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் தன் கால் பாதத்தை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போய்க் கேளு. நம்ம ஆக்சிஜன் மிஷினை எடுத்துக்கினு போ."

விரலில் மாட்டிப் பார்க்கும் அந்தச் சின்னக் கருவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இரண்டு முகக்கவசம் போட்டிருந்தேன். மாமி மரக்கதவைத் திறந்தார், இரும்புக் கதவைத் திறக்கவில்லை.

"கிட்ட வராதே. என்ன வேணும்?"

"மாமா எங்க மாமி?"

"தூங்கறார்."

"வட்டத்தைப் பாத்தேன் மாமி. முள்ளை யாரும் பிடிக்கலை."

மாமி கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண்ணில் நான் அதுவரை பார்த்தது அதட்டல் மட்டும். இப்போது என் கண்ணாடியில் நான் தினமும் பார்க்கிற அதே பயம் அங்கே இருந்தது.

"அஞ்சு நாளா ஜுரம். ஜுரத்தோடயே நேத்தி வரைக்கும் வந்து முள்ளைப் பிடிச்சார். காத்தாலேர்ந்து மூச்சு வாங்கறது."

"ஏன் மாமி சொல்லலை? நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"சொன்னா தகரம் அடிப்பா. தகரம் அடிச்சா செவ்வா, வியாழன், சனி உங்கப்பா எப்டிடி போவார்?"

அது ஒன்றுதான் காரணம் என்று இன்றும் நான் நம்பவில்லை. மாமாவைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயமும் இருந்திருக்கும். ஆனால் பொய் சொல்லத் தெரியாத மனுஷி அவர். அந்தக் கதவுக்குள் ஐந்து நாளாக மாமாவின் மூச்சையும் என் அப்பாவின் கிழமைகளையும் சேர்த்து எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

கருவியைத் தரையில் வைத்து நகர்ந்து நின்றேன். மாமி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து "எண்பத்தி நாலு காட்டறது. அது நல்லதா?" என்று கேட்டார். அளவு தெரியாமல் மாமி கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

தொண்ணூறுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிதான் என்று எனக்குத் தெரியும். நான் போனை எடுத்தேன். ஆனால் எண்ணை அழுத்தக் கை வரவில்லை. இந்த போனைச் செய்தால் என் அப்பாவை நானே உள்ளே வைத்து அடைக்கிறேன். மாடிப்படியின் திருப்பத்தில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கூப்புடும்மா. எனக்கு ஒரு ட்ரிப் கட்டானா அடுத்த ட்ரிப் கீது. அந்த மனுஷனுக்கு இன்னா கீது?"

கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் மத்தியானம்தான் வந்தது. வெள்ளை உடுப்பு போட்டுத் தலை முதல் கால் வரை மூடிய இரண்டு பேர் வந்தார்கள். மாடிகளில் எல்லோரும் நின்றார்கள். மாமா நடந்தே வந்தார், வேட்டியும் சட்டையும் போட்டுக்கொண்டு, கையில் ஒரு துணிப்பை. மாமி வாசலோடு நின்றுவிட வேண்டியதாயிற்று. கேட்டுக்கு முன்னால் முதல் வட்டத்தில் மாமா நின்றார். மூச்சு வாங்குகிறது போலும் என்று நினைத்தேன். அவர் குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு திரும்பி மாமியைப் பார்த்தார்.

"முள்ளு நகந்திருக்கே" என்றார்.

அவர் பேசி நான் கேட்டது அதுதான். வண்டியில் ஏறிக்கொண்டார். பத்துப் பன்னிரண்டு நாளில் அங்கேயே போய்விட்டார். உடம்பு வீட்டுக்கு வரவில்லை. மாமிக்கும் வந்திருந்ததால் அவரால் போகவும் முடியவில்லை. எல்லாம் போனில் முடிந்தது.

ஆம்புலன்ஸ் போன அன்று சாயங்காலமே தகரம் வந்தது. ஆணி அடிக்கும் சத்தம் நான் நினைத்து வைத்திருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. மாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"நன்னா அடிங்கோ. ஆனா அந்த ஓரத் தகரத்துக்கு ஆணி வேண்டாம், கம்பியால கட்டுங்கோ. மாடில டயாலிசிஸ் பேஷன்ட் இருக்கார். செவ்வா, வியாழன், சனி. அவர் போயாகணும்."

"எங்களுக்கு அப்டி ஒண்ணும் சொல்லலைம்மா" என்றார்கள். முழுக்க அடித்துவிட்டுப் போனார்கள்.

அந்தச் சனிக்கிழமை அப்பா போகவில்லை. ஞாயிறன்று கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. தலையணை மூன்றை அடுக்கிச் சாய்ந்துகொண்டார். நான் அவர் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த ஒருநாள் பயத்தை என்னால் இன்னும் முழுசாகச் சொல்லி முடிக்க முடியாது. கீழே மாமி மாநகராட்சிக்காரர்களிடம் போனில் பேசுவது விடாமல் கேட்டது. ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து, அதே வாக்கியம், அதே கிழமைகள். நடுவில் இருமல். மறுபடி முதலிலிருந்து. சொந்தப் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அந்தக் குரல் என் அப்பாவைவிட்டு அசையவில்லை. திங்கட்கிழமை எங்கள் இருவருக்கும் பரிசோதனை செய்து, இல்லை என்று வந்து, செவ்வாய் விடிந்ததும் ஓர் ஆள் வந்து ஓரத் தகரத்தின் ஆணியைப் பிடுங்கிக் கம்பியால் கட்டினார்.

"பஸ்ஸு போற ரோட்டுல ஓட்டினவன், இப்ப பூனை போற வழியில போறேன்" என்று அப்பா அந்த இடுக்கில் பக்கவாட்டாக நுழைந்தார். அவர் இன்னும் இருக்கிறார். இன்றைக்கும் செவ்வாய், வியாழன், சனிதான்.

தகரம் எடுத்த மறுநாள் காலை. தரையில் சாக்பீஸ் கோடு எதுவும் மிச்சமில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டு வராந்தாவுக்கு வந்தேன். மாமி மரக் காம்பஸோடு கேட்டருகில் நின்றிருந்தார். இளைத்துப் போயிருந்தார். குனிந்து முள்ளை ஊன்றிச் சுற்றினார், வழுக்கியது. காலால் அழித்தார். மறுபடி ஊன்றினார், மறுபடி வழுக்கியது. மேலே ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் நின்றார்கள். அந்த வீட்டில் வந்துபோன வியாதி. யார் இறங்குவார்கள்? நானும் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். மாமி மூன்றாம் தடவை அழித்தார்.

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. எதிரில் போய்க் குந்தி உட்கார்ந்து, கையை நீட்டி, முள்ளைத் தரையோடு அழுத்திப் பிடித்தேன். இரும்பு சில்லென்றிருந்தது. ஓர் ஆளுக்கு ஒரு வட்டம் என்று போடுகிற வட்டத்துக்கு மேலே எங்கள் இரண்டு முகமும் முழ தூரத்தில் இருந்தன. மாமியின் மூச்சு முகக்கவசத்துக்குள் போய் வரும் சத்தம் கேட்டது. என் கை நடுங்கி, முள்ளும் நடுங்கியது.

மாமி சுற்றாமல் நின்றார்.

"பயமா இருக்கா?"

"ஆமா மாமி."

"எனக்கும்தான்" என்றார். காம்பஸின் தலையை இரண்டு விரலால் பிடித்து, லேசாகச் சாய்த்தார். "கையை மாத்தறச்சே முள்ளை விட்டுடாதே."